லிஸ்ட் வந்தாச்சு... ஆனா எந்த எழுத்துக்கு வந்த லிஸ்ட்?



ப்ராஜெக்டுக்கோ இன்டர்ன்ஷிப்புக்கோ செலினியம் தொட்டவங்க எல்லாரும் ஒரு கட்டத்தில் இந்த பாக்ஸில் வந்து முட்டி நிற்போம். நாலு எழுத்து டைப் பண்ணினால் கீழே ஒரு லிஸ்ட் விரியும், அதில் ஒன்றை க்ளிக் பண்ணணும். அவ்வளவுதான். இதுக்குப் பேர் ஆட்டோகம்ப்ளீட். கையால் செய்தால் ரெண்டு விநாடி வேலை. அதையே ஸ்கிரிப்டில் எழுதினால் காலையில் பாஸ், மத்தியானம் ஃபெயில், எதையும் மாற்றாமல் திரும்ப ஓட்டினால் மறுபடியும் பாஸ்!

ஏன் இப்படி ஆகுது, சரியாகக் காத்திருப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. லொக்கேட்டர், க்ளிக், சென்ட்கீஸ் இந்த மூன்றும் தெரிந்தால் போதும். ஜாவாவா பைதானா என்பது பிரச்சனை இல்லை. லாஜிக் ஒன்றுதான், அதனால் கோட் வரிகளுக்குப் பதிலாக லாஜிக்கையே எழுதியிருக்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரு ரயில் டிக்கெட் பேஜை எடுத்துக்குவோம். "எங்கே போகணும்" என்ற பாக்ஸில் "திருவா" என்று டைப் செய்து, லிஸ்டிலிருந்து திருவாரூரைத் தேர்வு செய்யணும். நம்ம ஊர்ப் பெயர்களில் "திரு"வில் தொடங்குவது எத்தனை என்று சொல்லவே வேண்டாம். அதுதான் இங்கே வசதி, அதுதான் வில்லனும்.

பாக்ஸுக்குப் பின்னாடி என்ன நடக்குது?

2004 டிசம்பரில் கூகுள் சஜெஸ்ட் வந்தது. டைப் பண்ணப் பண்ண கீழே பரிந்துரை வரும் இந்த ஸ்டைல் பரவலானது அதுக்குப் பிறகுதான். 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இந்த மாதிரி பேஜ்களுக்கு "ஏஜாக்ஸ்" என்று பெயர் வைத்தபோது, கூகுள் சஜெஸ்டையும் உதாரணமாகக் காட்டினார். அதே 2004-ல்தான் தாட்வொர்க்ஸ் கம்பெனியில் ஜேசன் ஹக்கின்ஸ் செலினியத்தைத் தொடங்கினார். ஆக, இந்த ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. சண்டையும் அன்றிலிருந்தே!

ஒரு எழுத்து டைப் ஆனதும் நடப்பதை வரிசையாகப் பார்ப்போம்.

1. பாக்ஸில் மதிப்பு மாறியது என்று பிரவுசர் ஒரு ஈவென்ட் கொடுக்கும்.
2. பல பேஜ்கள் உடனே சர்வரிடம் ஓடாது. "இன்னும் டைப் பண்றாங்களா?" என்று கொஞ்சம் பார்க்கும். இதுதான் டிபவுன்ஸ். ஜேகுவரி யூஐ ஆட்டோகம்ப்ளீட்டில் இந்த இடைவெளி டிஃபால்டாக 300 மில்லி விநாடி.
3. சர்வருக்கு ரிக்வெஸ்ட் போகும்.
4. பதில் வரும். எப்போது வரும் என்பது நெட்வொர்க்கும் சர்வரும் முடிவு செய்வது.
5. ஜாவாஸ்கிரிப்ட் பழைய லிஸ்டை அழித்துவிட்டுப் புதிய லிஸ்டை வரையும்.

சென்ட்கீஸ் என்ற கட்டளை இதில் முதல் படி வரைக்கும்தான் பொறுப்பு. "டைப் பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டு அது அடுத்த வரிக்குப் போய்விடும். 2 முதல் 5 வரை நடப்பது அதுக்குத் தெரியாது. அந்த இடைவெளியை நிரப்புவது நம்ம வேலை.

ஸ்லீப் போட்டால் என்ன தப்பு?

எல்லாரும் முதலில் போடுவது ஸ்லீப்தான். "3 விநாடி தூங்கு, அப்புறம் க்ளிக் பண்ணு." நம்ம லேப்டாப்பில் வேலை செய்யும்.

ஒரு சின்ன கணக்கு. ஒரு டெஸ்டுக்கு ஒரு ஸ்லீப், 3 விநாடி. மொத்தம் 200 டெஸ்ட். 600 விநாடி, அதாவது 10 நிமிஷம் சும்மா தூக்கத்துக்கே போயிடும். லிஸ்ட் அரை விநாடியில் வந்திருந்தாலும் மீதி இரண்டரை விநாடி வீண். சர்வர் மெதுவாக இருந்து 3.2 விநாடி எடுத்தால், அவ்வளவு தூங்கியும் ஃபெயில். உடனே ஸ்லீப்பை 5 ஆக்குவோம், அடுத்த மாசம் 8 ஆக்குவோம். எந்த எண் போட்டாலும் ஒன்று அதிகமாக இருக்கும், இல்லைன்னா குறைவாக இருக்கும்.

இம்ப்ளிசிட், எக்ஸ்ப்ளிசிட்: ரெண்டில் எது?

செலினியத்தில் ரெண்டு வகை வெயிட் இருக்கு.

இம்ப்ளிசிட் வெயிட்: டிரைவருக்கு ஒரே தடவை சொல்லி வைப்பது. எந்த எலிமென்டைத் தேடினாலும், கிடைக்கவில்லை என்றால் இத்தனை விநாடி வரை தேடிக்கொண்டே இருக்கும். டிஃபால்ட் மதிப்பு 0. இதுக்குத் தெரிந்த ஒரே கேள்வி, "அந்த எலிமென்ட் பேஜில் இருக்கா?" என்பதுதான். உள்ளே என்ன எழுதியிருக்கு என்று பார்க்கத் தெரியாது.

எக்ஸ்ப்ளிசிட் வெயிட்: வெப்டிரைவர்வெயிட் என்ற கிளாஸ். ஒரு நிபந்தனையும் ஒரு அதிகபட்ச நேரமும் கொடுப்போம். டிஃபால்டாக 500 மில்லி விநாடிக்கு ஒரு தடவை நிபந்தனையைச் சோதிக்கும். உண்மையானதும் உடனே வெளியே வரும். அதிகபட்ச நேரம் 10 விநாடி என்று கொடுத்தாலும், லிஸ்ட் 1 விநாடிக்குள் வந்தால் அத்தோடு முடிந்தது. அதனால் இந்த எண்ணைத் தாராளமாகக் கொடுக்கலாம், ஸ்லீப் மாதிரி தண்டம் கிடையாது.

ரெண்டையும் சேர்த்துப் போடாதீங்க. செலினியத்தின் ஆவணமே எச்சரிக்குது: இம்ப்ளிசிட் 10 விநாடி, எக்ஸ்ப்ளிசிட் 15 விநாடி என்று வைத்தால், டைம்அவுட் 20 விநாடி கழித்துக்கூட வரலாம். இம்ப்ளிசிட்டை 0-லேயே விட்டுவிட்டு, தேவைப்படும் இடத்தில் எக்ஸ்ப்ளிசிட் போடுவதுதான் ஆட்டோகம்ப்ளீட்டுக்குச் சரி.

இங்கேதான் பொறி இருக்கு

எக்ஸ்ப்ளிசிட் வெயிட் கற்றுக்கொண்டதும் நாம் எழுதும் முதல் நிபந்தனை: "லிஸ்டின் முதல் வரி கண்ணுக்குத் தெரியும் வரை காத்திரு." டுடோரியல்களில் பெரும்பாலும் பாடம் இதோடு முடிந்துவிடும். ஆட்டோகம்ப்ளீட்டுக்கு இது போதாது.

நம்ம ரயில் பேஜில் டிபவுன்ஸ் இல்லை என்று வைங்க. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு ரிக்வெஸ்ட் போகும். "திருவ" வரைக்கும் போனதும் இந்த லிஸ்ட் வரும்:

திருவண்ணாமலை
திருவள்ளூர்
திருவனந்தபுரம்
திருவாரூர்

அடுத்து "திருவா" ஆனதும் திருவாரூர் மட்டும் இருக்கும் லிஸ்ட் வரணும். அது வருவதற்குள் நம்ம வெயிட் சோதித்துப் பார்க்குது. லிஸ்ட் தெரியுதா? தெரியுது. நிபந்தனை ஓகே. முதல் வரியை க்ளிக் பண்ணிட்டான் ரோபோ. திருவாரூர் போக வேண்டியவர் திருவண்ணாமலைக்கு டிக்கெட் எடுத்தாச்சு!

இதில் பயங்கரமான விஷயம், டெஸ்ட் ஃபெயில் ஆகணும் என்று கட்டாயமே இல்லை. அடுத்த பேஜ் திறந்ததா என்று மட்டும் சோதித்திருந்தால், பேஜ் அழகாகத் திறக்கும். ரிப்போர்ட்டில் பச்சை டிக் விழும். சிவப்பாகத் தெரியும் தப்பைவிட பச்சையாகத் தெரியும் தப்பு ஆபத்தானது, ஏன்னா அதைத் தேடி யாரும் போகமாட்டாங்க.

"சரி, முதல் வரி வேண்டாம். திருவாரூர் என்ற எழுத்து இருக்கும் வரியைத் தேடி க்ளிக் பண்றேன்" என்று கேட்கலாம். நல்ல யோசனைதான். ஆனா பழைய லிஸ்டிலும் நாலாவதாகத் திருவாரூர் இருக்கே! ரோபோ அதைப் பிடிச்சுக்கும். பிடித்ததுக்கும் க்ளிக் பண்ணுவதுக்கும் நடுவில் புது லிஸ்ட் வந்து பழையதை அழித்துவிட்டால், கையில் இருப்பது செத்துப்போன எலிமென்ட். நமக்கெல்லாம் பழக்கமான ஸ்டேல் எலிமென்ட் ரெஃபரன்ஸ் எக்செப்ஷன் விழுவது இப்படித்தான்.

"எங்க பேஜில் டிபவுன்ஸ் இருக்கு, ஒரே ஒரு ரிக்வெஸ்ட்தான் போகும், கவலை இல்லை" என்றும் நினைக்க வேண்டாம். பல பேஜ்களில் பாக்ஸைத் தொட்டதுமே "சமீபத்தில் தேடியவை" என்று ஒரு லிஸ்ட் தானாக விரியும். அதுவும் லிஸ்ட்தான், அதுவும் கண்ணுக்குத் தெரியும்.

ஆக, "லிஸ்ட் வந்ததா?" என்ற கேள்வியே தப்பு. "நான் கடைசியாக டைப் செய்ததுக்கான லிஸ்ட் வந்ததா?" என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை ஞாபகம் வைக்கணும் என்றால் அதை வைங்க.

சரியான நிபந்தனையை எழுதுவது எப்படி?

எக்ஸ்பெக்டெட் கண்டிஷன்ஸில் இதுக்கு ரெடிமேடாக ஒன்றும் கிடையாது. நாமே ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி வெயிட்டுக்குள் கொடுக்கணும். அதன் லாஜிக் இதுதான்:

1. லிஸ்டின் எல்லா வரிகளையும் புதிதாகத் தேடு. முன்பே எடுத்து வைத்த எலிமென்டைப் பயன்படுத்தாதே.
2. ஒரு வரிகூட இல்லை என்றால், "இன்னும் இல்லை" என்று திருப்பு.
3. எல்லா வரிகளின் எழுத்தையும் படி. ஒன்றாவது "திருவா" என்று தொடங்கவில்லை என்றால் அது பழைய லிஸ்ட். "இன்னும் இல்லை."
4. எல்லாமே பொருந்தினால், திருவாரூர் வரியைத் திருப்பிக் கொடு.
5. நடுவில் ஸ்டேல் எலிமென்ட் பிழை வந்தால் பிடித்து, "இன்னும் இல்லை" என்றே திருப்பு. லிஸ்ட் மாறிக்கொண்டிருக்கு என்று அர்த்தம், அடுத்த சுற்றில் பார்த்துக்கலாம்.

5-வது படி கட்டாயம். எலிமென்ட் கிடைக்கவில்லை என்ற பிழையை வெப்டிரைவர்வெயிட் தானாகவே பொறுத்துக்கும். ஸ்டேல் பிழையைப் பொறுக்காது, நாமதான் சொல்லணும்.

க்ளிக் செய்த பிறகு ஒரு சோதனை பாக்கி இருக்கு. பாக்ஸில் இப்போது "திருவாரூர்" என்று இருக்கா? முடிந்தால் பேஜ் உள்ளே வைத்திருக்கும் ஸ்டேஷன் கோடையும் பாருங்க. திருவாரூர் டிவிஆர், திருவனந்தபுரம் சென்ட்ரல் டிவிசி. ஒரே ஒரு எழுத்து வித்தியாசம், நடுவில் ஒரு மாநில எல்லை!

தேடல் "தொடங்கும் எழுத்து" முறையில் இல்லாத பேஜ்களும் உண்டு. "ட்ரிச்சி" என்று அடித்தால் திருச்சிராப்பள்ளி வரும். அங்கே 3-வது படி வேலை செய்யாது. அப்போது டெவலப்பரிடம் போய் ஒரு உதவி கேளுங்க: லிஸ்டை வரையும்போது, அது எந்த எழுத்துக்கான லிஸ்ட் என்பதை அந்த எலிமென்டிலேயே ஒரு டேட்டா அட்ரிபியூட்டாக எழுதி வைக்கச் சொல்லுங்க. ஒரு வரி கோட்தான். டெஸ்ட் அந்த அட்ரிபியூட்டும் பாக்ஸில் இருப்பதும் ஒன்றா என்று பார்த்தால் போதும்.

"இல்லை" என்பதுக்குக் காத்திருக்கும்போது கவனம்

"ஃஃஃ" என்று டைப் செய்தால் எந்த ஊரும் வரக்கூடாது என்று ஒரு டெஸ்ட் எழுதறீங்க. நிபந்தனை: லிஸ்ட் காலியாக இருக்கணும். ரன் பண்ணினால் பாஸ். ஆனா இது பொய் பாஸ். ரிக்வெஸ்ட் போவதுக்கு முன்னாடியும் லிஸ்ட் காலியாகத்தான் இருந்தது!

"லோடிங் வட்டம் மறையும் வரை காத்திரு" என்பதிலும் அதே ஓட்டை. வட்டம் தோன்றுவதுக்கு முன்பே சோதித்தால், அது ஏற்கனவே "மறைந்துதான்" இருக்கு. வெயிட் உடனே தாண்டிவிடும்.

வழி என்ன? இல்லாததுக்குக் காத்திருக்காமல் இருப்பதுக்குக் காத்திருங்க. "முடிவு எதுவும் இல்லை" என்ற செய்தி திரையில் வந்ததா என்று பாருங்க. அந்தச் செய்தியே பேஜில் இல்லை என்றால், அதுவே ஒரு குறை. யூசருக்கும் அந்த இடத்தில் ஒன்றும் புரியாதே.

டெஸ்ட் ஃபெயில் ஆனால், எப்போதும் டெஸ்ட்தான் குற்றவாளியா?

"திருவ"வுக்கான பதில் வர 900 மில்லி விநாடி ஆகுது, "திருவா"வுக்கான பதில் 200-லேயே வந்துவிடுது என்று வைங்க. முதலில் சரியான லிஸ்ட் தெரியும். கொஞ்ச நேரத்தில் பழைய பதில் தாமதமாக வந்து சரியான லிஸ்டை மூடிவிடும். பாக்ஸில் "திருவா", கீழே திருவண்ணாமலை. இது ரேஸ் கண்டிஷன், ப்ராடக்டில் இருக்கும் நிஜமான பக்.

இந்த பக்கை ஸ்லீப் போட்ட டெஸ்ட் கண்டுபிடிக்குமா? 3 விநாடி தூங்கி எழுந்து, திருவாரூர் என்ற வரியைத் தேடும். அது பழைய லிஸ்டிலும் இருப்பதால் க்ளிக் பண்ணி பாஸ் ஆகிவிடும். நம்ம நிபந்தனை போட்ட டெஸ்டோ, பழைய லிஸ்ட் வந்து மூடிய பிறகு சோதித்தால், மற்ற மூன்று ஊர்களையும் பார்த்து, டைம்அவுட் ஆகிச் சரியாகவே ஃபெயில் ஆகும். சிக்னல் சரியில்லாத ஒரு ஊரில் மொபைலில் டைப் செய்து அவசரமாக எண்டர் தட்டும் ஒரு பயணிக்கு இந்த பக் நிஜமான பணம், நிஜமான நேரம்.

இன்னொரு விஷயம். ரோபோ மின்னல் வேகத்தில் டைப் பண்ணும், அதனால் டிபவுன்ஸ் உள்ள பேஜில் ஒரே ரிக்வெஸ்ட்தான் போகும். மனுஷங்க அப்படி டைப் பண்ண மாட்டாங்க, நடுவில் யோசிப்பாங்க, அப்போது ரெண்டு மூன்று ரிக்வெஸ்ட் போகும். அதனால் இந்த ரேஸைத் தேடும் டெஸ்டில் மட்டும், முதலில் "திருவ", டிபவுன்ஸ் நேரத்தைவிடக் கொஞ்சம் அதிக இடைவெளி, பிறகு மீதி என்று ரெண்டு துண்டாக அனுப்புங்க. முதல் பதிலை வேண்டுமென்றே தாமதப்படுத்த ப்ளேரைட்டில் ரூட் என்ற வசதி இருக்கு.

ப்ராடக்ட் பக்கம் தீர்வு சுலபம். புது ரிக்வெஸ்ட் போகும்போது பழையதை அபார்ட்கன்ட்ரோலர் வைத்து ரத்து செய்யலாம். அல்லது ரிக்வெஸ்டுகளுக்கு வரிசை எண் கொடுத்து, கடைசி எண்ணுக்கான பதிலை மட்டும் வரையலாம்.

தமிழில் டைப் செய்தால்?

"திருவாரூர்" நம்ம கணக்கில் 5 எழுத்து. யூனிகோட் கணக்கில் 10 குறியீடுகள். த, இகரக் குறி, ர, உகரக் குறி என்று தனித்தனியாக எண்ணும். பல ஒலியியல் கீபோர்டுகளில் "திரு" அடிக்கும்போது நடுவில் "திர்" என்ற நிலையும் வந்து போகும். அந்த நொடியில் எந்த ஊரும் பொருந்தாமல் "முடிவு இல்லை" என்று மின்னி மறையலாம். தமிழ் பேஜை டெஸ்ட் செய்யும்போது இடையில் வரும் லிஸ்டை நம்பக்கூடாது என்பதுக்கு இது இன்னொரு காரணம்.

"கொல்லம்" மாதிரி ஒகரம் வரும் பெயர்களில் வேறு ஒரு சிக்கல். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று ரெண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒன்றே, ஒப்பிட்டால் வேறு வேறு. ஒப்பிடும் முன் ரெண்டு பக்கத்தையும் யூனிகோட் நார்மலைஸ் செய்துவிடுங்க.

வேற டூல் போனால் தப்பிக்கலாமா?

பாதி தப்பிக்கலாம். சைப்ரஸ் டிஃபால்டாக 4 விநாடி வரையும், ப்ளேரைட்டின் எக்ஸ்பெக்ட் 5 விநாடி வரையும் தானாகவே மறுபடி மறுபடி முயற்சி செய்யும். ப்ளேரைட் க்ளிக் செய்யும் முன் எலிமென்ட் தெரியுதா, அசையாமல் இருக்கா, எனேபிள் ஆகியிருக்கா என்றெல்லாம் பார்த்துக்கும். ஸ்டேல் தொல்லை பெருமளவு போயிடும். ஆனா முன்னாடி இருக்கும் லிஸ்ட் எந்த எழுத்துக்கானது என்று எந்த டூலுக்கும் தெரியாது. அதை நாமதான் சொல்லணும்.

இவ்வளவு மெனக்கெடணுமா?

அப்பப்போ பாஸ், அப்பப்போ ஃபெயில் ஆகும் டெஸ்டுக்கு ஃப்ளேக்கி டெஸ்ட் என்று பெயர். 2016-ல் கூகுள் தன் டெஸ்டிங் வலைப்பதிவில் எழுதியபடி, அவர்களுடைய டெஸ்டுகளில் கிட்டத்தட்ட 16 சதவீதத்தில் ஏதோ ஒரு அளவு ஃப்ளேக்கித்தனம் இருந்தது. பாஸிலிருந்து ஃபெயிலுக்கு மாறிய நிகழ்வுகளில் சுமார் 84 சதவீதத்தில் ஒரு ஃப்ளேக்கி டெஸ்ட் சம்பந்தப்பட்டிருந்தது. 2014-ல் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டுகளை ஆராய்ந்தபோது, ஃப்ளேக்கி டெஸ்டுகளுக்கு முதல் காரணமாக வந்தது, முடியாத வேலைக்குச் சரியாகக் காத்திருக்காததுதான். பங்கு சுமார் 45 சதவீதம்.

புலி வருது கதைதான். பத்து தடவை சும்மா சிவப்பு காட்டினால், பதினோராவது தடவை நிஜமாகவே உடைந்திருந்தாலும் டீமில் எல்லாரும் "ரீரன் பண்ணு மச்சி" என்று போய்விடுவோம். அந்த நாள் முதல் அந்த டெஸ்ட் இருந்தும் இல்லாத மாதிரி.

செய்து பார்க்க ஒரு வேலை தருகிறேன். உங்க ப்ராஜெக்டில் ஆட்டோகம்ப்ளீட் டெஸ்ட் ஒன்றை எடுத்து, ஸ்லீப்பை நீக்கி மேலே சொன்ன ஐந்து படி நிபந்தனையை வைங்க. குரோம் டெவ்டூல்ஸில் நெட்வொர்க் வேகத்தை 3ஜிக்குக் குறைத்து, பேஜில் கையால் "திருவா" டைப் செய்து லிஸ்ட் எப்படி மாறுது என்று கண்ணால் பாருங்க. லிஸ்டை இன்ஸ்பெக்ட் செய்யப் போனால் அது மூடிக்கொள்ளும். டெவ்டூல்ஸின் ரெண்டரிங் பகுதியில் "எமுலேட் எ ஃபோகஸ்டு பேஜ்" என்ற ஆப்ஷனை ஆன் செய்தால் பெரும்பாலும் திறந்தபடியே நிற்கும். அப்புறம் டெஸ்டை 50 தடவை தொடர்ந்து ஓட்டுங்க. 50-ம் பச்சை என்றால் சந்தோஷம். எங்காவது ஒரு சிவப்பு வந்தால், ரீரன் பட்டனைத் தொடும் முன் திரையில் இருந்த லிஸ்ட் எந்த எழுத்துக்கானது என்று மட்டும் பாருங்க.